வில்லி நெல்சனின் ‘ட்ரிகர்’ கிட்டார்: யார் செய்தது, ஓட்டையோடு எப்படித் தாங்குகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன் வாசிக்கும் ‘ட்ரிகர்’ என்ற பழைய கிட்டாரின் முகப்பில் பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது, அது எப்படி உடையாமல் இருக்கிறது, அதைச் செய்தவர் யார், அதே மாடலை வாங்கினால் அந்தச் சத்தம் வருமா? கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் நைலான் தந்தி கிட்டாரிலும் அதே இடத்தில் மரம் தேயத் தொடங்கியிருக்கிறது, விட்டுவிடலாமா என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. தேய்மானம் ஒரு கிட்டாருக்கு அழகா, நோயா என்பதுதானே நீங்கள் கேட்பது? அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ட்ரிகரின் கதையைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அந்தப் பதில் பொருந்தும்.

நான் பல வருடங்களாகக் கிட்டார் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ட்ரிகரைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அதன் வரலாறு பற்றி நான் சொல்வது வில்லியும் அதைப் பராமரிப்பவரும் வெளிப்படையாகப் பேசியவை. மரம், பசை, தந்தி இழுவை பற்றிச் சொல்வது என் வேலை மேசையில் கற்றது.

முதலில் செய்தவர் யார் என்பது. அது அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 மாடல். மார்ட்டின் 1833-ல் நியூயார்க்கில் தொடங்கி, சில வருடங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. தொடங்கியவர் ஜெர்மனியில் மரத்தச்சர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின். அந்த நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் பரவியது ஸ்டீல் தந்தி கிட்டார்களால். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் வகை அவர்களுக்கு ஒரு சிறிய கிளைதான், என்-20 அந்தக் கிளையில் 1968-ல் வந்தது. முகப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், முதுகும் பக்கங்களும் பிரேசில் ஈட்டி மரம் (ரோஸ்வுட்), கழுத்து மகாகனி, விரல்பலகை கருங்காலி. 1969-ல் மார்ட்டின் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறிவிட்டது, ஆக ட்ரிகர் அந்தப் பழைய மரத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. 1992 முதல் பிரேசில் ஈட்டியின் சர்வதேச வியாபாரத்துக்கே கடுமையான தடை வந்துவிட்டது.

இதில் ‘இவர்தான் செய்தார்’ என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது. நாசரேத் தொழிற்சாலையில் ஒருவர் பக்கப்பலகையை வளைப்பார், இன்னொருவர் உள்கட்டைகளை ஒட்டிச் செதுக்குவார், வேறொருவர் கழுத்தைப் பொருத்துவார். ஒரு பாடகரை மனதில் வைத்துச் செய்த கிட்டாரே இல்லை அது. இன்றைய நிலைமை வேறு. ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனை எடுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தில் கிட்டார் செய்யும் ஜார்ஜ் லோடனோடு சேர்ந்து, 2019-ல் தன் பெயரிலேயே ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். அங்கே பாடலாசிரியருக்கும் செய்பவருக்கும் நேரடி உறவு இருக்கிறது, அளவும் மரமும் பேசி முடிவாகின்றன. வில்லிக்கு அப்படி நடக்கவில்லை. அவர் கிட்டாரைச் செய்தவர்களைவிட, வாங்கிய பிறகு அதில் கை வைத்தவர்கள்தான் முக்கியமானவர்கள் என்பது என் கருத்து.

1960-களின் கடைசியில் வில்லி ஏற்கனவே பெயர் பெற்ற பாடலாசிரியர். பேட்சி க்ளைன் 1961-ல் பாடிப் பெரிய வெற்றி கண்ட பாட்டு இவர் எழுதியதுதான். அப்போது அவர் வாசித்தது பியானோவுக்குப் பெயர்போன பால்ட்வின் நிறுவனத்தின் மின்சார கிளாசிக்கல் கிட்டார், கூடவே அதே நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர். 1969-ல் டெக்சாஸின் ஹெலோட்டிஸ் ஊரில் ஒரு கச்சேரியில், குடித்திருந்த ஒருவர் அந்தக் கிட்டார் மேல் காலை வைத்துவிட்டார். உடைந்ததை நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சனிடம் அனுப்பினார்கள். ஜாக்சன் சாதாரண ஆள் இல்லை. மடியில் கிடத்தி வாசிக்கும் டோப்ரோ, ஸ்டீல் கிட்டார் வகைகளை வாசித்தவர், பட்டி எம்மன்ஸோடு சேர்ந்து ஷோ-பட் என்ற பெடல் ஸ்டீல் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கியவர். பார்த்துவிட்டு இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லி, கடையிலிருந்த மார்ட்டின் ஒன்றைப் பற்றிச் சொன்னார். விலை 750 டாலர். வில்லி கிட்டாரைப் பார்க்காமலே தொலைபேசியில் வாங்கினார். கௌபாய் நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரையான ‘ட்ரிகர்’ பெயரை அதற்கு வைத்தார்.

அடுத்ததைப் பலரும் கவனிப்பதில்லை. உடைந்த பால்ட்வினின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவியை, கழற்றி இந்த மார்ட்டினுக்குள் பொருத்தியவர் ஜாக்சன். ப்ரிஸ்மாடோன் என்ற அந்த பிக்கப், தந்திகள் அமரும் சேடிலுக்கு அடியில் உட்கார்ந்து, பீங்கான் வகைப் பொருள் அழுத்தத்தில் உண்டாக்கும் மின்னழுத்தத்தால் வேலை செய்வது. காந்த பிக்கப் நைலான் தந்திக்கு உதவாது, இரும்பு இருந்தால்தான் அதற்குக் கேட்கும். அதனால் நைலான் தந்தியை மேடையில் பெரிதாகக் கேட்க வைப்பது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. ப்ரிஸ்மாடோன் அதற்குக் கிடைத்த முதல் நல்ல வழிகளில் ஒன்று. நீங்கள் பதிவுகளில் கேட்டுப் பழகிய ட்ரிகரின் குரல், சற்றே மூக்கால் பேசுவது போன்ற அந்தச் செறிவு, தந்தியைத் தட்டியவுடன் முன்னால் வந்து நிற்கும் அந்த ‘டக்’, இவற்றில் பெரும்பங்கு இந்த பிக்கப்புக்கும் பால்ட்வின் ஆம்ப்ளிஃபயருக்கும் உரியது. சேடிலுக்கு அடியில் உள்ள பிக்கப் எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் சுற்றும் காற்றின் ஒலியைவிடத் தந்தியின் நேரடி அழுத்தத்தைத்தான் அதிகம் எடுக்கும். ட்ரிகரின் ஒலிக்கு மரத்தை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் ஷாட் ஜாக்சனின் அந்த ஒரு நாள் வேலையை மறந்துவிடுகிறார்கள்.

இனி ஓட்டை. கிளாசிக்கல் கிட்டார் விரல் நகத்தால் வாசிப்பதற்காகச் செய்யப்படுவது. நகம் தந்தியைத் தொட்டு விலகும், முகப்பைத் தொடாது. அதனால் அதற்கு பிக்கார்ட் என்ற காப்புத் தகடு கிடையாது. ஃப்ளமெங்கோ கிட்டாரைப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே உடம்புதான். ஆனால் வாசிப்பவர் விரலால் முகப்பைத் தட்டுவது அந்த இசையின் பாகம் என்பதால் கோல்பெடோர் என்ற மெல்லிய பாதுகாப்புத் தகட்டை ஒட்டிவிடுவார்கள். வில்லிக்கு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் மீது தீராத பிரியம், ஜாங்கோ பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசித்தவர். வில்லியும் கிளாசிக்கல் கிட்டாரைப் பிக்கால் வாசித்தார், மற்ற விரல்கள் முகப்பின் மேல் தேய்ந்துகொண்டே இருந்தன. பாதுகாப்புத் தகடு இல்லாத மரத்தில் வருடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இரவுகள் இப்படி வாசித்தால் மரம் போகத்தான் செய்யும்.

அது எப்படிப் போகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். ஸ்ப்ரூஸ் பலகையில் நெருக்கமான கோடுகள் தெரியும். வெளிர் பட்டை வசந்தத்தில் வேகமாக வளர்ந்த மென்மரம், நடுவே ஓடும் மெல்லிய பழுப்புக் கோடு கோடையின் பிற்பகுதியில் மெதுவாக வளர்ந்த கடினமரம். முதலில் மேல்பூச்சு போகும், அந்த இடம் மங்கி அழுக்கேறிச் சாம்பல் நிறமாகும். பிறகு மென்பட்டைகள் மட்டும் குழிந்து, கடினக் கோடுகள் மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ரேகைக்குக் குறுக்கே இழுத்தால் வரிவரியாகத் தட்டுப்படும். கிளாசிக்கல் கிட்டாரின் முகப்பு மொத்தமே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். அதில் பாதி போன பிறகு மென்பட்டை ஒன்று பிளக்கும், ஒரு சிறு சில்லு உள்ளே விழும். அதற்குப் பிறகு ஓட்டை வேகமாக வளரும், விளிம்பில் பிக் மாட்டி மாட்டி இழுக்கும்.

சரி, அப்புறம் ஏன் உடையவில்லை? முக்கியக் காரணம் நைலான். ஒரு கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. மெல்லிய ஸ்டீல் தந்தி போட்டாலே 70 கிலோவைத் தாண்டிவிடும். இதே ஓட்டை ஒரு ஸ்டீல் தந்தி கிட்டாரில் விழுந்திருந்தால் இத்தனை காலம் ஓடியிருக்காது என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவது, முகப்புப் பலகை சுமையைத் தனியாகத் தாங்குவதில்லை. உள்ளே ஒலித்துளைக்குக் கீழே குறுக்காக ஒரு கட்டை, அங்கிருந்து விசிறி போல விரிந்து, முகப்பில் தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஓடும் மெல்லிய கட்டைகள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ டோரஸ் செம்மைப்படுத்திய முறை இது, கிளாசிக்கல் கிட்டார்களில் இன்றும் பெரும்பாலும் இதன் வழிதான். தந்தி இழுக்கும்போது பிரிட்ஜ் முன்பக்கம் சாயப் பார்க்கும், அதன் முன்னால் முகப்பு கொஞ்சம் உள்வாங்கும், பின்னால் கொஞ்சம் புடைக்கும். அந்தச் சாய்வை எதிர்ப்பது பெரும்பாலும் இந்தக் கட்டைகள். கட்டைகளுக்கு இடையே உள்ள பலகையில் ஓட்டை விழுந்தால் கிட்டார் தாங்கும். ஓட்டையின் விளிம்பில் கட்டை தெரிய ஆரம்பித்து, பிக் கட்டையையே கடிக்கத் தொடங்கினால்தான் ஆபத்து. ட்ரிகரிலும் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாவது காரணம் ஒரு மனிதர், மார்க் எர்ல்வைன். டெக்சாஸின் ஆஸ்டினில் கடை வைத்திருப்பவர், 1977 முதல் ட்ரிகரைப் பராமரிப்பவர். அவர் வெறும் பழுதுபார்ப்பவர் இல்லை, தானே கிட்டார் வடிவமைப்பவர். சிகிட்டா என்ற குட்டிப் பயணக் கிட்டாரை இஸட் இஸட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸோடு சேர்ந்து உருவாக்கியவர். புதிதாகச் செய்யத் தெரிந்த ஒருவர், பழையதைப் புதிதாக்காமல் விட்டுவைத்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுற்றுப்பயணங்களுக்கு இடையே கிட்டார் அவரிடம் வரும். சுத்தம் செய்வார், உள்கட்டைகளைச் சோதித்துத் தேவையான இடத்தில் வலுவூட்டுவார், தேய்ந்த முகப்புக்கு லாக்கர் என்ற பாதுகாப்புப் பூச்சு அடிப்பார். ஓட்டையை அவர் அடைக்கவில்லை.

லாக்கர் அடிப்பது கேட்க எளிதாகத் தெரியும். ட்ரிகரின் முகப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்து இருக்கிறது, முதலில் போட்டவர் இசைக்கலைஞர் லியான் ரஸ்ஸல். சிலது கீறியது, சிலது பேனாவால் எழுதியது. லாக்கரில் உள்ள கரைப்பான் மார்க்கர் மையையும் கரைக்கும். ஈரமாக ஒரே பூச்சாக அடித்தால் கையெழுத்து நீலமாகவோ கறுப்பாகவோ ஓடிப் பரவிவிடும். இப்படிக் கையெழுத்துப் போட்ட முகப்பு என் மேசைக்கு வரும்போது நான் செய்வது இது: பூச்சுத் தெளிக்கும் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, மரத்தைத் தொடும்போதே பாதி உலர்ந்திருக்கும் அளவுக்குப் புகை போல ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று. மை மூடி அடைபட்ட பிறகுதான் சாதாரணப் பூச்சு. பூச்சு தடித்தாலும் தப்பு. அது முகப்பின் அசைவைக் கட்டிப்போடும், சத்தம் அடங்கிவிடும். ஆகவே பாதுகாப்புக்குத் தேவையான அளவு, அதற்கு மேல் ஒரு துளி கூடாது.

ஓட்டையில் ஒரு ஸ்ப்ரூஸ் துண்டைப் பொருத்தி, ரேகைக்கு ரேகை சேர்த்து, கண்ணுக்கே தெரியாமல் மூட முடியும். கைதேர்ந்த பலர் இதைச் செய்வார்கள். எர்ல்வைன் செய்யாததை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். துண்டு பொருத்த விளிம்பை நேராக வெட்ட வேண்டும், வெட்டினால் சுற்றியுள்ள கையெழுத்துகளும் நல்ல மரமும் போகும். வில்லியின் விரல்கள் பல பத்தாண்டுகளாகப் பழகிய பரப்பு மாறும். ட்ரிகர் ஓயும்போது தானும் ஓய்ந்துவிடுவேன் என்ற பொருளில் வில்லி பலமுறை பேசியிருக்கிறார். டென்னசியில் அவர் வீடு தீப்பிடித்தபோது உள்ளே ஓடி எடுத்து வந்தவற்றில் இதுவும் ஒன்று. 1990-ல் 1.6 கோடி டாலருக்கு மேல் வரிபாக்கி என்று அரசு அவர் சொத்துகளைக் கைப்பற்றியபோது, ட்ரிகர் மட்டும் மகள் மூலம் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒருவர் நேசிக்கும் பொருளில் பழுதுபார்ப்பவரின் ரசனைக்கு இடமில்லை.

ஓட்டை சத்தத்தை மாற்றியிருக்குமா? மாற்றியிருக்கும் என்பது உறுதி, இயற்பியல் அப்படி. கிட்டார்ப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு ஓர் அதிர்வெண் உண்டு, கிளாசிக்கல் கிட்டாரில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். திறப்பின் பரப்பு கூடினால் அந்த அதிர்வெண் மேலே ஏறும், அடிக்குரலின் ஆழம் கொஞ்சம் குறையும். இதுவரை சந்தேகமில்லை. ஆனால் பிக்கப் வழியாகக் கேட்கும்போது அந்த வித்தியாசம் காதுக்கு எவ்வளவு எட்டும் என்பது வேறு விஷயம், என் அனுபவத்தில் ரொம்பக் கொஞ்சம்தான். ‘ஓட்டையால்தான் அந்த இனிமை’ என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இதைவிடச் சர்ச்சைக்குரியது, வாசிக்க வாசிக்க மரம் ‘திறந்துகொள்ளும்’ என்ற நம்பிக்கை. வயதாகும்போது ஸ்ப்ரூஸில் பிசின் இறுகுகிறது, மரம் ஈரத்தை உறிஞ்சி விடுவது குறைகிறது, இவை அளந்து பார்த்தவை. ஆனால் தொடர்ந்து வாசிப்பதாலேயே ஒலி மாறுகிறதா என்று பார்த்த சோதனைகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பழைய கிட்டார்களை நானும் நேசிக்கிறேன், பல நேரங்களில் வித்தியாசம் கேட்பது போலவே இருக்கிறது. ஆனாலும் அதற்காகக் கூடுதல் பணம் கொடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆக, அதே மாடலை வாங்கினால் அந்தச் சத்தம் வருமா? மார்ட்டினே 1998-ல் வில்லியின் பெயரில் என்-20 மாடலைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. நல்ல கிட்டார். பழைய என்-20-களும் எப்போதாவது விற்பனைக்கு வரும். ஆனால் ப்ரிஸ்மாடோனும் பால்ட்வின் ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல், கிளாசிக்கல் கிட்டாரை பிக்கால் அடித்து, தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னும் விழும் அந்தக் கை இல்லாமல், மரம் மட்டும் உங்களை அங்கே கொண்டுபோகாது. பணத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவராக இருந்தால், கையிலிருக்கும் நைலான் கிட்டாருக்கு நல்ல சேடில் பிக்கப் ஒன்றை அனுபவசாலியிடம் கொடுத்துப் பொருத்துங்கள். செலவுக்கு அதுதான் அதிகப் பலன் தரும்.

இப்போது உங்கள் கிட்டார். படம் இல்லாமல், தட்டிப் பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது. நீங்களே பார்க்கக்கூடியது இவ்வளவு. தந்திகளைத் தளர்த்திவிட்டு, ஒலித்துளை வழியாகச் சிறு விளக்கும் கையடக்கக் கண்ணாடியும் விட்டு, தேய்ந்த இடத்தை உள்ளிருந்து பாருங்கள். பிறகு உள்ளே விளக்கை வைத்து, அறை விளக்கை அணைத்து வெளியிலிருந்து பாருங்கள். மரம் மெலிந்த இடம் செம்மஞ்சளாக ஒளிரும், விரிசல் இருந்தால் கூர்மையான வெளிச்சக் கோடாகத் தெரியும். விரல் நுனியால் மெதுவாகத் தட்டி வாருங்கள். ‘ணங்’ என்று வந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் ‘சரசர’ என்று அதிர்ந்தால், கட்டை பசை விட்டிருக்கலாம். பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் பிரிட்ஜ் தூக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அது தேய்மானத்தைவிட அவசரமான வேலை.

பூச்சு மட்டும் போயிருந்தால், அல்லது ரேகைகள் இலேசாகக் குழிந்திருந்தால், ஒளி ஊடுருவும் மெல்லிய கோல்பெடோர் தகடு ஒட்டினால் போதும். பிக் பிடித்து வாசிப்பவர் என்றால் இப்போதே ஒட்டிவிடுங்கள், அழகு குறையுமே என்று தள்ளிப்போடாதீர்கள். பிளவு விழுந்திருந்தால் உள்ளிருந்து பசையிட்டு, ரேகைக்குக் குறுக்காகச் சிறு ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டித் தாங்கு கொடுக்க வேண்டும், அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை நீங்களாகவே ஊற்றிவிடாதீர்கள். மரத்துக்குள் ஊறிவிட்டால் அப்புறம் வஜ்ஜிரமும் (விலங்குத் தோல் பசை) பிடிக்காது, மரப்பசையும் பிடிக்காது. ஒருவேளை நீங்கள் அதில் ஸ்டீல் தந்தி மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். கிளாசிக்கல் கிட்டாரின் உள்கட்டைகள் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டவை அல்ல, தேய்ந்த முகப்போடு சேர்ந்தால் பிரிட்ஜோடு பலகையே பெயர்ந்து வரும்.